சாம்பலில் வீடு கட்டலாமா?

"சாம்பலை வைத்து யாராவது வீடு கட்டுவார்களா? அடுப்பிலிருந்து அள்ளி எருக்குழியில் கொட்டுகிற பொருள் அல்லவா அது?"

திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி போகும் சாலை ஓரத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் அந்த வீட்டின் மூத்த அம்மாள். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் செங்கல் இல்லை. சாம்பல் நிறத்தில், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக இருந்த கற்கள். மகன்தான் வரவழைத்திருந்தார். தாய்க்குச் சம்மதம் இல்லை. கொத்தனார் இருவருக்கும் நடுவே நின்றார்.

"அம்மா, இது அடுப்புச் சாம்பல் இல்லை. கரண்டு எடுக்கிற இடத்துச் சாம்பல். நிலக்கரிச் சாம்பல்" என்றார் கொத்தனார்.

"எந்தச் சாம்பலானால் என்ன, கொத்தனாரே? சாம்பல் சாம்பல்தானே! நாலு மழைக்குத் தாங்குமா?"

அம்மாளின் கேள்வி நியாயமானது. ஒரு வீடு என்பது ஒரு குடும்பத்தின் பல வருஷத்துச் சம்பாத்தியம். கண்ணை மூடிக்கொண்டு கல்லை வாங்கிவிட முடியாது. வேடசந்தூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று நம் பக்கத்தில் வீடு கட்டுகிற குடும்பங்கள் பலவற்றிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. இதற்கு விடை சொல்லக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. அதன் பெயர் மைக்ராஸ்கோப்.

இரண்டு சாம்பல்

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப் போதும். 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் சரி. கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதில் ஒரு சிட்டிகை விறகடுப்புச் சாம்பலைக் கலந்து பாருங்கள். என்ன தெரியும்? நொறுங்கிய அப்பளம்போல, கோணல் மாணலான துண்டுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இராது.

அதை எடுத்துவிட்டு, அனல் மின் நிலையத்துச் சாம்பலை அதேபோல் வைத்துப் பாருங்கள். ஆச்சரியம்! அத்தனையும் உருண்டைகள்! கண்ணாடிக் கோலிக்குண்டுகளைக் கூடை கூடையாகக் கொட்டியதுபோல் இருக்கும். சில பளிங்குபோல் தெளிவாக இருக்கும். சில பால் வெள்ளை. சில தேன் நிறம். சில கறுப்பு.

இந்த உருண்டைகளின் அளவைச் சொன்னால் நம்புவது கடினம். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். சாம்பல் உருண்டைகளோ ஒரு மைக்ரானுக்கும் குறைவானதில் இருந்து 100 மைக்ரான் வரை பல அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை தலைமயிரின் பருமனைவிடச் சிறியவை.

இரண்டும் எரிந்து மிஞ்சிய பொருள்தான். பிறகு ஏன் இந்த வேற்றுமை?

உருண்டை வந்த விதம்

நிலக்கரி என்பது முழுக்க முழுக்கக் கரி அல்ல. பூமிக்குள் உண்டான காலத்திலேயே களிமண்ணும் மணலும் அதில் கலந்துவிட்டன. இந்திய நிலக்கரியில் இந்த மண் மிக அதிகம். நூறு மூட்டை நிலக்கரியை எரித்தால் 30 முதல் 45 மூட்டை வரை சாம்பல் மிஞ்சும்!

அனல் மின் நிலையத்தில் நிலக்கரியைக் கட்டியாகப் போட்டு எரிப்பது இல்லை. முகப் பவுடர்போல் அரைத்து, காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதுகிறார்கள். உள்ளே 1,400 டிகிரி வரையிலும், அதற்கு மேலும் வெப்பம். கரி எரிந்து போகிறது. அதில் இருந்த களிமண் உருகிச் சொட்டாகிறது. தாமரை இலைமேல் தண்ணீர் என்ன வடிவம் எடுக்கிறது? முத்துப்போல் உருளுகிறது அல்லவா? அதேபோல் உருகிய மண்ணும், பறந்துகொண்டே உருண்டையாகிறது. உலையைவிட்டு வெளியேறும்போது சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாக இறுகிவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடியச் சில விநாடிகளே ஆகும்.

விறகடுப்பில் இத்தனை வெப்பம் கிடையாது. அதனால் அங்கே எதுவும் உருகுவதில்லை, உருண்டையாவதும் இல்லை. அம்மாள் எருக்குழியில் கொட்டிய சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தும் காரமும். பாத்திரம் தேய்க்க அது நல்லது. சுவர் கட்ட உதவாது. அந்த மட்டில் அம்மாள் சொன்னது சரி.

உலையில் பறக்கும் சாம்பலை வெளியே விட்டுவிடாமல் பிடிப்பதற்கு ஒரு சாதனம் இருக்கிறது. மின்சாரம் ஏற்றிய பெரிய தகடுகளுக்கு நடுவே புகையைச் செலுத்துவார்கள். சட்டையில் உரசிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் தகடுகள் சாம்பலை இழுத்துக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் சாம்பல் கீழே விழும். அமெரிக்க விஞ்ஞானி காட்ரெல் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைக் கண்டுபிடித்தார். இப்படிப் பிடிபட்ட சாம்பல்தான் 'பிளை ஆஷ்'. பறக்கும் சாம்பல் என்று பொருள். மூடிய பல்கர் லாரிகளில் ஏறி ஊர் ஊராகப் போவது இதுதான். திண்டுக்கல்லில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை, பெரிய அனல் மின் நிலையமும் இல்லை. ஆனால் வடக்கே மேட்டூர், தெற்கே தூத்துக்குடி என்று இரு பக்கமும் சாம்பல் உண்டாகிறது. நாம் நடுவில் இருக்கிறோம்.

உருண்டைக்குள் உருண்டை

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் தெரியாத அதிசயங்கள் இன்னும் உண்டு. அவற்றைக் காண எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஜெர்மனியில் ரஸ்கா, நோல் என்ற இருவர் 1931இல் முதல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார்கள். ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைக் கொண்டு பார்க்கும் கருவி அது. பொருளின் மேற்பரப்பை மேடு பள்ளத்தோடு காட்டும் இன்னொரு வகை 1965 முதல் விற்பனைக்கு வந்தது.

அதில் வைத்துப் பார்த்தபோது, சில உருண்டைகள் உள்ளே வெறுமையாக இருப்பது தெரிந்தது. உருகிய சொட்டுக்குள் காற்று அகப்பட்டு, பூரி உப்புவதுபோல் உப்பிவிடுகிறது. இவை தண்ணீரில் மிதக்கும். மின் நிலையத்துச் சாம்பல் குட்டைகளில் வெள்ளை ஆடைபோல் மிதப்பவை இவையே. இவற்றை வடித்து எடுத்துத் தனியாக விற்கிறார்கள். சாதாரணச் சாம்பலைவிட இவற்றுக்கு விலை அதிகம்.

இன்னும் சில உருண்டைகள் உடைந்திருந்தன. உடைந்த உருண்டையின் வயிற்றுக்குள் குட்டி உருண்டைகள் நிறைந்திருந்தன, மாதுளம்பழத்தை உடைத்ததுபோல! கறுப்பு உருண்டைகள் சிலவற்றில் இரும்பு கலந்திருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

உருண்டையாக இல்லாத ஒரு சாதியும் உண்டு. கறுப்பாக, கடற்பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது எரியாமல் தப்பிய கரி. இந்தக் கறுப்புப் பஞ்சை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல் கெட்டுப்போவதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

பெரியாறு அணையில் இருக்கும் வித்தை

சரி, கண்ணாடி உருண்டை எப்படிக் கல்லாகிறது?

அந்தக் கண்ணாடிக்குத் தனியாக இறுகும் சக்தி இல்லை. ஆனால் பக்கத்தில் சுண்ணாம்பும் தண்ணீரும் இருந்துவிட்டால் போதும். சுண்ணாம்பு உருண்டையின் மேல்தோலை மெல்ல மெல்ல அரிக்கிறது. அரித்த இடத்தில் பசைபோன்ற ஒரு பொருள் உண்டாகிறது. அந்தப் பசை பக்கத்து உருண்டையோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது. முதல் சில நாட்களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைகள் மழமழவென்று முழுசாக இருக்கும். மாதக் கணக்கில் கழித்துப் பார்த்தால் பல உருண்டைகள் உருத் தெரியாமல் பசைக்குள் புதைந்திருக்கும். அதுதான் பலம்.

இது புது வித்தை அல்ல. இத்தாலியில் பொட்ஸுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்து ரோமானியர்கள் கட்டடம் கட்டினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுயிக் துரை அதைக் கட்டி முடித்து, 1895இல் அணை திறக்கப்பட்டது. அவர் பயன்படுத்திய காரை, சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். பிளை ஆஷும் சுட்ட களிமண்தான். உருகிப்போகும் அளவுக்குச் சுட்ட களிமண். சுண்ணாம்போடு சேர்ந்தால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

அமெரிக்காவில் 'ஹங்கிரி ஹார்ஸ்' என்று ஓர் அணை. 1953இல் கட்டி முடித்தார்கள். அதன் கான்கிரீட்டில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பிளை ஆஷ் கலந்திருக்கிறது. அணை இன்றும் நிற்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். சாம்பல் வேண்டாம் என்று சொன்ன அம்மாளின் வீட்டு அஸ்திவாரத்தில் ஏற்கெனவே சாம்பல் இருந்தது! அவர்கள் வாங்கியது பி.பி.சி. சிமெண்டு. இந்த வகைச் சிமெண்டில் 15 முதல் 35 சதவிகிதம் வரை பிளை ஆஷ் கலக்க அரசாங்கத் தர விதி அனுமதிக்கிறது. அதாவது 50 கிலோ மூட்டையில் குறைந்தது ஏழரைக் கிலோ சாம்பல். மூட்டையின் மேலேயே எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை. இது கலப்படம் அல்ல. தண்ணீர் புகாமல் இறுகுவதற்கு அது உதவுகிறது.

"இதில் கதிரியக்கம் இருக்கிறதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். மண்ணிலும் பாறையிலும் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் உண்டு. நிலக்கரி எரிந்துபோன பிறகு அவை சாம்பலில் தங்குகின்றன. ஆனால் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1997இல் வெளியிட்ட அறிக்கை, சாம்பல் கலந்த கட்டடப் பொருளுக்கும் சாதாரண கான்கிரீட், செங்கல் போன்றவற்றுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்கிறது. சுவரைக் கண்டு பயப்படவேண்டிய காரணம் இல்லை.

கல் கெட்டால் யார் குற்றம்?

அப்படியானால் சாம்பல் கல் சுவரில் விரிசல் விட்டது, பூச்சு உதிர்ந்தது என்று சொல்பவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் சொல்வதும் உண்மை. குற்றம் பெரும்பாலும் அவசரத்தில் இருக்கிறது.

சுண்ணாம்பு உருண்டையை அரிப்பதற்கு நாள் பிடிக்கும் என்று பார்த்தோம். தண்ணீரும் வேண்டும். கல்லை அச்சில் இருந்து எடுத்தபின் இரண்டு மூன்று வாரம் நனைத்து வைக்கவேண்டும். கார்த்திகை, தை மாதங்களில் வீட்டு வேலை அதிகமானால் கல்லுக்குக் கிராக்கி ஏறுகிறது. நாலு நாள் நனைத்த கல்லை லாரியில் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. அது பார்ப்பதற்குக் கல். உள்ளே இன்னும் மாவு. அதை வைத்துச் சுவர் எழுப்பினால், பிறகு காயும்போது சுருங்கும், வெடிக்கும்.

சாம்பலிலேயே குற்றம் இருப்பதும் உண்டு. அந்தக் கறுப்புப் பஞ்சை நினைவிருக்கிறதா? எரியாத கரி அதிகமானால் அது தண்ணீரைக் குடித்துவிடும். கல் பலம் குறையும். சாம்பலைச் சூளையில் சுட்டு, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். 5 சதவிகிதத்துக்கு மேல் குறையக்கூடாது என்பது இந்தியத் தர விதி.

வேறு வகை பாய்லர்களில் இருந்து வரும் சாம்பலும் சந்தையில் உண்டு. சிலவற்றில் வெப்பம் 850 டிகிரி அளவில்தான் இருக்கும். அங்கே மண் சரியாக உருகாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை இராது; கோணல் துண்டுகளே தெரியும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல். மைக்ராஸ்கோப்புக்கு இரண்டும் வேறு வேறு. கல் செய்கிறவர்கள் லாரி லாரியாகச் சாம்பல் வாங்குகிறார்கள். ஒரு மைக்ராஸ்கோப்பின் விலை அவர்களுக்குப் பெரிதல்ல. லோடுக்கு ஒரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தால், என்ன வந்து இறங்குகிறது என்று ஐந்து நிமிஷத்தில் ஓரளவு தெரிந்துவிடும். இதை ஏன் செய்யக்கூடாது?

வீடு கட்டுகிறவர்கள் மைக்ராஸ்கோப் வாங்கவேண்டாம். ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். நன்றாகக் காய்ந்த கல் ஒன்றை நிறுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்தக் கல் வேண்டாம். அதாவது 3 கிலோ கல், ஊறியபின் 3 கிலோ 600 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கல்லை மட்டும் பார்த்தால் போதாது. லாரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்தாறு கல்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் 'கணீர்' என்று கேட்கவேண்டும். 'பொத்' என்று கேட்டால் லாரியைத் திருப்பி அனுப்பலாம்.

தூள் வேறு, கல் வேறு

இதுவரை சாம்பலுக்காக வாதாடினோம். இனி அதற்கு எதிராகவும் சொல்லியாக வேண்டும்.

கல்லுக்குள் கட்டுப்பட்ட உருண்டை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. கட்டுப்படாமல் காற்றில் மிதக்கிற உருண்டை அப்படி அல்ல. 10 மைக்ரானுக்கு மேற்பட்டதை நம் மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். இரண்டரை மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டது நுரையீரலின் அடிவரை போய்விடும். போனது சுலபத்தில் திரும்பாது. அதில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்களும் சிறிய அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கட்டுப்படாத சாம்பல் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையின் வடக்கே எண்ணூர் சாட்சி. அங்கே மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்களில் கசிவு ஏற்பட்டு, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. மீனும் இறாலும் வாழ்ந்த இடம் சேறானது. செப்பாக்கம் என்ற கிராமத்தார் சாம்பல் குட்டையின் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தவேண்டி வந்தது. மீனவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று முறையிட்டார்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் கிங்ஸ்டன் என்ற ஊர். அங்கே 2008 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு சாம்பல் குட்டையின் கரை உடைந்தது. சுமார் 300 ஏக்கர் பரப்பைச் சாம்பல் சேறு மூடிவிட்டது. அந்த இரவில் யாரும் சாகவில்லை. கொடுமை அதற்குப் பிறகுதான். சாம்பலை வாரிச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் பலர் நோயில் விழுந்தார்கள். முகமூடி கேட்டோம், தரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். காண்டிராக்டு எடுத்த கம்பெனி தொழிலாளர்களின் பாதுகாப்பில் தவறியது, அந்த நோய்கள் அதனால் வந்திருக்கக்கூடும் என்று 2018இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஈட்டுத்தொகை முடிவாக 2023 ஆகிவிட்டது. அதற்குள் பலர் இறந்துபோனார்கள்.

அமெரிக்கத் தொழிலாளியின் கதி இது. நம் ஊர்க் கல் பட்டறையில் வேலை செய்கிற பெண்ணின் கதி என்ன?

திண்டுக்கல் சமவெளியில் ஒரு பட்டறைக்குப் போய்ப் பார்த்தோம். கலவை இயந்திரத்தின் வாயில் ஒரு பெண் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றியிருந்தார். கொட்டும்போதெல்லாம் ஒரு சாம்பல் மேகம் எழுந்து அவர் தலையை மறைத்தது. பத்தடி தள்ளி, மரத்தில் கட்டிய தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளித் துணியும் சாம்பல் நிறமாகியிருந்தது.

"இருமல் வருமா, அக்கா?" என்று கேட்டோம்.

"வரும். வெல்லம் தின்போம், தம்பி. சரியாப் போகும்" என்றார்.

வெல்லம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். நுரையீரலின் அடிக்குப் போன உருண்டையை அது வெளியே கொண்டுவராது. சேலைத் துணியின் நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இரண்டு மைக்ரான் உருண்டை தாராளமாக நுழைந்து போகும். இதற்கென்று உள்ள 'என்-95' முகமூடி வேண்டும். சாம்பலைக் கொட்டும் இடத்துக்குக் கூரையும் மறைப்பும் வேண்டும். கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கவேண்டும். குழந்தைகளுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கல்லுக்குத் தரச் சான்று கேட்கிற அரசாங்க அதிகாரிகள், இவற்றையும் பார்த்த பிறகே பட்டறைக்கு அனுமதி தரவேண்டும் என்பது நம் கருத்து. சாம்பலுக்குச் சட்டம் இருக்கிறது. அதை வாருகிற கைகளையும் சட்டம் பார்க்கட்டும்.

சட்டம் என்றால் என்ன சட்டம்? சாம்பலை வீணாகக் குவிக்காமல் பயன்படுத்தவேண்டும் என்று மத்திய அரசாங்கம் 1999இல் ஓர் உத்தரவு போட்டது. 2021 டிசம்பர் 31ஆம் தேதி வந்த உத்தரவு இன்னும் கண்டிப்பானது. அனல் மின் நிலையத்தில் இருந்து 300 கிலோ மீட்டருக்குள் கட்டடம் கட்டும் அமைப்புகள், மற்றக் கல்லைவிட விலை கூடாமல் கிடைக்குமானால், சாம்பல் கல்லையே பயன்படுத்தவேண்டும் என்றது. மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி மூன்றும் திண்டுக்கல்லுக்கு அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. 2021-22ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 27 கோடி டன் சாம்பல் சேர்ந்தது. கல்லாகவும் சிமெண்டாகவும் சாலையாகவும் போகாதது எல்லாம் எங்கோ ஒரு செப்பாக்கத்தின் தலையில்தான் விழும்.

செங்கல் பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு செங்கல்லுக்கு 3 கிலோ மண் என்று வைத்தால், 15,000 கல் வைத்துக் கட்டும் வீட்டுக்கு 45 டன் மண். அது கண்மாயில் இருந்தோ வயலின் மேல்தட்டில் இருந்தோதான் வருகிறது. வயல் மண் ஒருமுறை சூளைக்குப் போனால், மறுபடி அங்கே பயிர் செழிக்க எத்தனை வருஷம் ஆகும்! சூளையை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன என்பது உண்மை. அவர்களில் பலர் சாம்பல் கல் வேலைக்கு வரத்தான் போகிறார்கள். கூரையும் முகமூடியும் வேண்டும் என்று இப்போதே கேட்பது அவர்களுக்காகவும்தான்.

செம்பட்டிச் சாலை அம்மாள் என்ன முடிவு செய்தார்? ஒரு கல்லை வாளியில் ஊறப்போடச் சொன்னார். மறுநாள் காலையில் பலசரக்குக் கடைத் தராசில் தாமே நின்று நிறுத்துப் பார்த்தார். 2 கிலோ 900 கிராம் இருந்த கல், 3 கிலோ 300 கிராம் ஆகியிருந்தது. லாரியை இறக்கச் சொல்லிவிட்டார்.

சுவர் எழும்பியது. மின்சாரக் குழாய் பதிக்க ஓர் ஆள் வந்தார். அறுக்கும் இயந்திரத்தைச் சுவரில் வைத்ததும் வீடு முழுவதும் புழுதி எழுந்தது. அம்மாள் பேரக் குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, "சுவரை நனைத்துவிட்டு வெட்டு, தம்பி" என்றார்.

"எந்திரம் ஈரமானா ஷாக் அடிக்கும், அம்மா" என்றார் அவர்.

அவர் சொன்னதும் சரிதான். சுவரை முதல்நாள் மாலையே நன்றாக நனைத்து, மேல் ஈரம் வடிந்தபின் மறுநாள் காலையில் வெட்டுவது என்று இருவரும் பேசி முடிவுசெய்தார்கள். அம்மாள் தம் வீட்டில் இருந்த முகமூடி ஒன்றையும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.